அந்த மாதம் மினக்கெட்டது யார்

எங்கள் இலங்கைப் பேச்சில் மினக்கேடு என்றால் நேரம் வீணாவது. கடைக்கு அனுப்பிய பிள்ளை வழியில் நின்று பராக்குப் பார்த்தால் அது மினக்கெடுகிறது. பஸ் வராமல் குளிரில் நின்றால் மினக்கேடு. கூட்டம் வைப்பதா வேண்டாமா என்று பேசுவதற்கு ஒரு கூட்டம் வைத்தால் அது மகா மினக்கேடு. ஒஸ்லோவில் நான் செய்கிற வேலையை மனைவிக்கு விளங்கப்படுத்த வேண்டி வந்தபோதும் இந்தச் சொல்லைத்தான் எடுத்தேன். "கணினியள் மினக்கெடாமல் பாக்கிறதுதான் என்ரை வேலை" என்றேன். "அப்ப உங்களை ஆர் பாக்கிறது?" என்று கேட்டுவிட்டு அவள் தன் பாட்டில் உடுப்பு மடித்தாள்.

வேலை இதுதான். கப்பல் இயந்திரங்களைக் கண்காணிக்கும் மென்பொருளை எங்கள் நிறுவனம் செய்கிறது. அது ஒரே துண்டாக இல்லை, நூற்றுக்கணக்கான சிறு பொதிகளாக இருக்கிறது. ஒரு பொதி இன்னொன்றை நம்பி நிற்கும், அது வேறொன்றை நம்பி நிற்கும். அடியில் இருக்கிற பொதியில் யாராவது கை வைத்தால், அதை நம்பி மேலே நிற்கிற எல்லாவற்றையும் கணினி திரும்பக் கட்டும். கட்டுவது என்றால், நாங்கள் எழுதியதைக் கப்பலில் ஓடக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவது. அத்திவாரம் மாறினால் மேல்மாடியையும் பார்க்கத்தானே வேண்டும், அதில் பிழையில்லை. ஆனால் எது மாற்றம், எது மாற்றமே இல்லை என்று கணினிக்குத் தெரியாது. யாரோ ஒருவர் தன் நினைவுக்காக எழுதி வைத்த குறிப்பில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் அதற்கு எல்லாம் ஒன்றுதான். கறித்தூள் போத்தலுக்கு மூடியை மாற்றியதற்காக வீட்டிலுள்ள எல்லாக் கறிகளையும் கொட்டிவிட்டுத் திரும்பச் சமைப்பதுபோல அது பாட்டுக்குக் கட்டிக்கொண்டிருக்கும். அது முடியும்வரை மற்றவர்கள் தங்கள் வேலையை உள்ளே அனுப்ப முடியாமல் வரிசையில் நிற்பார்கள். நோர்வேக்காரர் பொறுமைசாலிகள். கோப்பி குடிப்பார்கள், தங்கள் மலைக்குடிலின் கூரையைப் பற்றிக் கதைப்பார்கள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அதற்கு நான் ஒரு வழி செய்து வைத்திருந்தேன். ஒவ்வொரு பொதிக்கும் ஒரு இலக்கம். மாற்றியவர் தன் மாற்றம் முக்கியமானது என்று நினைத்தால் இலக்கத்தைக் கூட்ட வேண்டும். கூட்டினால்தான் மேலே உள்ளவை திரும்பக் கட்டப்படும். சட்டம் நல்ல சட்டம், மனிதர்தான் மனிதர். சிலர் கூட்ட மறந்தார்கள். அப்போது பழையதும் புதியதும் கலந்து பிழை காட்டியது. அந்தப் பயத்தில் மற்றவர்கள் தொட்டதற்கெல்லாம் கூட்டினார்கள். கடைசியில் பழைய குருடி கதவைத் திறடி என்று எல்லாம் எல்லா நேரமும் கட்டப்பட்டன. குற்றம் சட்டத்தில் இல்லை, இவர்களுடைய கவனக்குறைவில்தான் என்று நான் உறுதியாக இருந்தேன்.

அப்போதுதான் எங்கள் பிரிவுக்குப் புதிதாக ஒருத்தி வேலைக்கு வந்தாள். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண். கணவனும் மழலையர் பள்ளிக்குப் போகிற மகளுமாக ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் லில்லெஸ்ட்ரோமில் ஒரு சிறிய வீட்டில் இருந்தார்கள். இங்கே புது வேலைக்கு வருகிறவருக்கு வழக்கமாக ஆறு மாதம் சோதனைக் காலம் இருக்கும். அதற்குள் பிடிக்காவிட்டால் அனுப்பிவிடலாம். அவளுக்கு வேலை போனால் வேலை மட்டும் போகாது. இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதியே அந்த வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. "இது ஒண்ண நம்பித்தான் மூணு பேரும் வந்திருக்கோம்" என்று வந்த புதிதில் ஒருமுறை சொல்லியிருந்தாள்.

எனக்குச் சந்தோசம். இத்தனை வருடங்களில் வேலையிடத்தில் தமிழ் கதைக்க ஆள் கிடைத்தது அதுதான் முதல்தடவை. முதலில் சார் என்றாள், பிறகு அண்ணா ஆக்கிவிட்டாள். அந்தச் சந்தோசத்தோடு கொஞ்சம் கொழுப்பும் இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அவள் வாயைத் திறந்தால் பாதி ஆங்கிலம். தமிழுக்கே நாங்கள்தான் காவல் என்கிற நினைப்பு எனக்கு. "யூஸ் பண்றது எண்டு சொல்லாதைங்கோ தங்கச்சி. பாவிக்கிறது எண்டு ஒரு வடிவான சொல் இருக்கு" என்று திருத்துவேன். அவள் சிரிப்பாள். "பாவிக்கறதுன்னா எங்களுக்கு வேற மாதிரி கேக்குதுண்ணா" என்பாள். எனக்கு அது அவளுடைய அறியாமையாகப் பட்டது. ஒரே சொல் இரண்டு ஊரில் இரண்டு விதமாக இருக்கலாம் என்று அவள் எனக்குச் சொல்லித்தான் இருக்கிறாள். கேட்கத்தான் என்னிடம் காது இருக்கவில்லை.

அவள்தான் ஒரு கூட்டத்தில் அந்த யோசனையைச் சொன்னாள். இலக்கமும் வேண்டாம், மனிதரின் ஞாபகமும் வேண்டாம். அடியில் இருக்கிற பொதி மாறினால் அதை மட்டும் கட்டுவோம். கட்டி வந்த புதியதைப் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். கடைசி எழுத்துவரை ஒன்றாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுவோம், மேலே உள்ளதைத் தொடத் தேவையில்லை. எங்கள் பிரிவுத் தலைவிக்கு அது பிடித்துப்போயிற்று. வேலையை அவளிடமே கொடுத்து, அவள் செய்வதைச் சரிபார்க்கிற பொறுப்பை என்னிடம் தந்தார். என் இலக்கச் சட்டத்துக்கு அன்றைக்கே பாடை கட்டியாயிற்று. "நல்ல யோசனை" என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு என் இடத்துக்குப் போனேன். உள்ளே சுட்டது.

யோசனை சுலபம், செய்வதுதான் கடினம். ஒரு எழுத்தும் மாற்றாத பொதியை இரண்டு தடவை கட்டினால் இரண்டும் ஒன்றாக வரவில்லை. ஒரு பொதி தான் கட்டப்பட்ட நேரத்தைத் தனக்குள்ளேயே எழுதி வைத்துக்கொண்டது. இன்னொன்று எந்தக் கணினியில் கட்டப்பட்டது என்பதை எழுதி வைத்தது. அப்படியிருந்தால் பக்கத்தில் வைத்துப் பார்த்து என்ன பயன்? ஒவ்வொன்றையும் திறந்து, எங்கே வேறுபடுகிறது, ஏன் வேறுபடுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அவள் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தி எனக்குச் சரிபார்க்க அனுப்பினாள், நான் சரி என்றால்தான் அது உள்ளே போகும். நான் "பாக்கிறன், பாக்கிறன்" என்று சொல்லிக்கொண்டு ஒன்றையும் திறக்கவில்லை. வேறு வேலை இருந்தது என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஒரு நாள் மதியம் சாப்பாட்டறையில் அவளுக்கு முன்னால் இருந்தேன். அவள் தயிர்ச்சோறு கொண்டு வந்திருந்தாள்.

"அந்த வேலை என்ன மாதிரிப் போகுது?" என்று கேட்டேன்.

"போயிட்டிருக்குண்ணா. தொட்டா ஒண்ணொண்ணும் ஒரு விதமா வருது."

"இன்னும் முடியேல்லையோ?"

"எங்கண்ணா முடியறது?" என்று சிரித்தாள். "இந்த மாசம் பூரா மெனக்கெட்டிருக்கேன்."

ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டு அதை இப்படிச் சிரித்துக்கொண்டு சொல்கிறாளே என்று நினைத்தேன். பிழையாகக் கேட்டிருக்கக் கூடாது என்பதற்காக இன்னொருமுறையும் கேட்டேன். என் கவனம் அப்படி.

"மாதம் முழுக்க மினக்கெட்டனீங்களோ?"

"ஆமாண்ணா. நல்லாவே மெனக்கெட்டிருக்கேன்."

"இதைத் தலைவியிட்டையும் சொல்லுவீங்களோ?"

"சொல்லணும்லண்ணா? நாம சொன்னாத்தான அவங்களுக்குத் தெரியும்."

அதற்குமேல் நான் என்ன கேட்பது? துணிச்சல்காரிதான் என்று நினைத்துக்கொண்டு சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவினேன்.

அதே கிழமை, இரண்டு நாள் கழித்து, தலைவி என்னைக் கூப்பிட்டார். அவளுடைய சோதனைக் காலம் முடியப்போகிறது, அவள் அதிகம் பேசுவதில்லை, முடிந்த வேலைகளைக் காட்டுகிற திரையில் பார்த்தால் வேலை நகர்ந்ததாகத் தெரியவில்லை, எப்படிச் செய்கிறாள் என்று கேட்டார். "நீங்கள் இரண்டு பேரும் ஒரே நாட்டுக்காரர். உன்னோடு மனம் விட்டுக் கதைப்பாள்தானே" என்றார். யாராவது என்னை இந்தியன் என்று சொன்னால் அந்த இடத்திலேயே திருத்துகிறவன் நான். பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிற கிழவருக்குக்கூட இலங்கையின் வரைபடத்தைக் கையால் போட்டுக் காட்டியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் திருத்தவில்லை. அவளை விளங்கிக்கொள்ளக்கூடிய ஒரே ஆள் நான் என்று ஒருவர் சொல்வது கேட்க நன்றாக இருந்தது.

"மாதம் முழுவதும் நேரத்தை வீணாக்கிவிட்டதாக அவளே என்னிடம் சொன்னாள்" என்று நல்ல சுத்தமான நோர்வேஜிய மொழியில் சொன்னேன்.

"அவளே சொன்னாளா?"

"ஓம். நான் இரண்டுமுறை கேட்டேன்." அதோடு நிறுத்தியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், நான் கெடுத்தது இன்னொருத்தியை. "ஆனால் நேர்மையான பிள்ளை, ஒன்றையும் ஒளிக்கவில்லை" என்று சேர்த்துச் சொன்னேன். அவளுக்கு நல்லது செய்கிறேன் என்கிற நினைப்பு வேறு.

இங்கே ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டதை அவரிடமே கேட்டுவிடுவார்கள். எங்களைப்போல மனதுக்குள் வைத்துப் பத்து வருடம் சுமக்க மாட்டார்கள். அடுத்த நாள் காலை கண்ணாடிச் சுவர் அறைக்குள் தலைவியும் அவளும் இருப்பதைப் பார்த்தேன். அவள் முதலில் கையை ஆட்டி ஏதோ விளங்கப்படுத்தினாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே வந்து கழிவறைப் பக்கம் போனாள். நெடுநேரம் கழித்து, முகம் கழுவிய ஈரத்தோடு நேராக என் மேசைக்கு வந்தாள்.

"அண்ணா, நான் டைம் வேஸ்ட் பண்ணேன்னு உங்ககிட்ட சொன்னேனா?"

"சொன்னனீங்கள்தானே. மாதம் முழுக்க மினக்கெட்டனான் எண்டு."

"மெனக்கெட்டேன்னுதான சொன்னேன்."

"அதைத்தானே நானும் சொன்னனான்."

அவள் மெதுவாகக் கேட்டாள். "மெனக்கெடறதுன்னா உங்க ஊர்ல என்னண்ணா?"

சொன்னேன். பராக்குப் பார்க்கிற பிள்ளையையும் வராத பஸ்ஸையும் சொன்னேன். அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

"எங்க ஊர்ல அப்படி இல்லண்ணா. சிரமம் பாக்காம, பாத்துப் பாத்து ஒண்ணச் செய்யறதுதான் மெனக்கெடறது. எங்கம்மா என்னைப் படிக்க வைக்க எவ்வளவு மெனக்கெட்டாங்கன்னுதான் சொல்லுவோம்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை, இன்னொரு கேள்விதான் கேட்டாள்.

"நான் அனுப்பினதெல்லாம் நீங்க பாத்தீங்களாண்ணா?"

"இல்லை."

"ஒண்ணு கூடவா?"

"ஒண்டும் பாக்கேல்லை."

தலையை ஆட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். எனக்கு இரண்டு காதும் கொதித்தன. அறையில் இருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது என்பது ஒரு ஆறுதலாகவே இல்லை. மேசைக்கடியில் புகுந்துகொள்ள இடமிருந்தால் புகுந்திருப்பேன்.

தலைவியிடம் போனேன். ஒரே சொல், இரண்டு ஊர், இரண்டு கருத்து என்று விளங்கப்படுத்தினேன். முந்தின நாள் அவ்வளவு சரளமாக வந்த மொழி அன்றைக்குத் தட்டுத்தடுமாறி வந்தது. அவர் பொறுமையாகக் கேட்டார். ஒரு சொல் இப்படி இரண்டு பக்கமும் திரும்புவது சுவாரசியமாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார். பிறகு அவரும் அதையே கேட்டார். "ஆனால் அவள் செய்த வேலை உன்னிடம்தானே இருந்தது. அதைத் திறந்து பார்த்திருந்தால் சொல்லே தேவைப்பட்டிருக்காதே?" முழுவதையும் பார்த்துவிட்டு வா, அதற்குப் பிறகுதான் அவளைப் பற்றி முடிவு என்று சொல்லி அனுப்பினார்.

இருந்து பார்த்தேன். ஒவ்வொரு பொதிக்கும் என்ன கோளாறு, எப்படித் தெரிந்தது, என்ன செய்தாள் என்று எளிமையான இரண்டு மூன்று வரிகள். ஒன்று கோப்புகளை ஒவ்வொருமுறையும் வேறு வேறு ஒழுங்கில் அடுக்கியது. ஒன்று யார் கட்டினார் என்று அவருடைய பெயரை உள்ளே எழுதியது. பாதிக்குமேல் இருந்தவற்றுக்கு ஒரே காரணம்தான். கட்டி முடிந்ததும் ஒவ்வொரு பொதியிலும் இலக்கத்தைப் பதிக்கிற ஒரு சிறு நிரல், கூடவே நாளையும் நேரத்தையும் பதித்துக்கொண்டிருந்தது. நேரம் பதிந்தால் எந்தப் பொதியும் பழையதுபோல் வராது. அவளுடைய ஒரு மாதத்தில் பாதியை விழுங்கியது அதுதான்.

அந்த நிரலை எழுதியவன் நான். தலைப்பிலேயே என் பெயர் இருக்கிறது. அவள் அதைத் திருத்தி, நேரம் பதிவதை நிறுத்தியதால் இனி ஒன்றுபோல வரும் என்று மட்டும் எழுதியிருந்தாள். யாருடைய நிரல் என்று ஒரு வார்த்தை இல்லை. கூட்டத்திலும் சொல்லவில்லை, தலைவியிடமும் சொல்லவில்லை, சாப்பாட்டு மேசையில் என் முன்னால் இருந்தபோது என்னிடம்கூடச் சொல்லவில்லை. சபையில் அண்ணனின் பிழையை எடுத்துச் சொல்லக் கூடாது என்று நினைத்திருப்பாள். எனக்கு அழுகை வந்தது. லோறென்ஸ்கூக் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது இறங்க வேண்டிய தரிப்பையும் தவறவிட்டேன்.

"ஒரு சொல் என்னை ஏமாத்திப்போட்டுது" என்று மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். எனக்காக இரக்கப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முழுவதையும் கேட்டாள்.

"அந்தப் பிள்ளை வேறை என்ன சொல்லைச் சொல்லியிருந்தாலும் உங்களுக்கு அதுதான் கேட்டிருக்கும்" என்றாள்.

அடுத்த நாள் காலை வேளைக்கே வேலைக்குப் போனேன்.

தலைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நிரல் என்னுடையது என்பதையும் சொன்னேன். அவளுடைய வேலை நிரந்தரமாயிற்று. பிறகு ஒரு நாள் எல்லாரையும் திரைக்கு முன்னால் கூட்டி, அடியில் இருக்கிற பொதியின் குறிப்பொன்றில் ஒரு எழுத்தைத் திருத்திக் காட்டினாள். அந்தப் பொதி மட்டும் கட்டப்பட்டது. கணினி அதைப் பழையதோடு ஒப்பிட்டது, இரண்டும் ஒன்றாக இருந்தன, அங்கேயே நிறுத்திக்கொண்டது. மேலே ஒன்றும் அசையவில்லை. கோப்பி எடுக்க எழுந்தவர் அப்படியே திரும்ப இருந்தார். எல்லாரும் கை தட்டினார்கள். அவள் எல்லாருக்கும் நன்றி சொன்னாள். சரிபார்த்துத் தந்ததற்காக எனக்கும் சொன்னாள். அந்த நன்றியை வாங்கிக்கொண்டு நானும் கை தட்டினேன். அப்போது எனக்கு என் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அன்றைக்குப் பின்னேரம் வாசலில் அவளை மறித்து மன்னிப்புக் கேட்டேன். "நான் செய்தது பெரிய பிழை தங்கச்சி. குறை நினைக்காதைங்கோ" என்றேன். "பரவால்லண்ணா, விடுங்க" என்றாள். மகளை நேரத்துக்குக் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்று சொல்லி ரயிலுக்கு ஓடினாள். நானும் விட்டுவிட்டேன். முடிந்தது என்று நினைத்தேன்.

அவள் என்னை அண்ணா என்று கூப்பிட்டது அதுதான் கடைசித் தடவை. மறு கிழமையிலிருந்து என்னோடு நோர்வேஜிய மொழியில் கதைக்கத் தொடங்கினாள். அப்போது அவளுக்கு அது முழுதாக வராது. மாலை வகுப்பில் படித்ததை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பாள். மற்றவர்களைப்போல என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டாள். அந்த மொழியில் நீங்கள் என்பதை இப்போது யாரும் சொல்வதில்லை, எல்லாரும் நீதான். கோபம் ஒன்றும் தெரியவில்லை. காலையில் வணக்கம் சொன்னாள், வெள்ளிக்கிழமையானால் நல்ல வார இறுதி என்றாள். பயிற்சிக்காகத்தான் இப்படிக் கதைக்கிறாள் என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

போன மாதம் புதிதாகச் செய்த ஒன்றைச் சரிபார்க்கச் சொல்லி என் மேசைக்கு வந்தாள். என் பெயரைச் சொல்லி, இதைப் பார்க்க உனக்கு நேரம் இருக்கிறதா என்று கேட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. தமிழில் சொன்னேன்.

"ஓம் தங்கச்சி. இப்பவே வடிவாப் பாத்துத் தாறன்."

அவள் உடனே போகவில்லை. நான் சொன்னதை மனதுக்குள் ஒருமுறை புரட்டிப் பார்ப்பவள்போல நின்றாள். பிறகு, நக்கல் ஒரு துளியும் இல்லாமல், மிகவும் மரியாதையாக நோர்வேஜிய மொழியில் கேட்டாள்.

"மன்னிக்க வேண்டும், அதை நோர்வேஜிய மொழியில் சொல்ல முடியுமா? நான் பிழையாக விளங்கிக்கொள்ளக் கூடாது."

நான் நோர்வேஜிய மொழியில் சொன்னேன்.